கரண்டில் குளிர்கிறது, கேஸில் அணைகிறது: கேரவன் ஃபிரிட்ஜுக்கு என்ன கோளாறு?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கரண்ட், கேஸ், பேட்டரி மூன்றிலும் ஓடும் வெளிநாட்டு ஃபிரிட்ஜ் வைத்த கேரவன் வேன் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். அடுத்த மாதம் குடும்பத்தோடு நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் சுற்றிவரத் திட்டம். ஆயாவின் (பாட்டியின்) இன்சுலினை எடுத்துப்போக வேண்டும். வீட்டு வாசலில் கரண்டில் போட்டால் நன்றாகக் குளிர்கிறது. கேஸுக்கு மாற்றினால், குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் வரை எரிந்து, கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. எப்போதாவது நின்று எரிந்தாலும் குளிர்ச்சி போதவில்லை. 'உள்ளே கேஸ் இறங்கிவிட்டது, புதுசு மாற்றுங்கள்' என்கிறார் மெக்கானிக்."

புதுசு வாங்க வேண்டாம். கரண்டில் குளிர்கிறது என்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது.

இந்த ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. 1922-ல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் ஒரு குழாய் அமைப்புக்குள் அடைத்து அடியில் சூடு காட்டினால் மேலே குளிர்கிறது. கரண்டில் ஹீட்டர் காட்டும் சூட்டைத்தான் கேஸில் சுடர் காட்டுகிறது. கரண்டில் குளிர்ந்தால் அடைத்த குழாய்கள் நன்றாக இருக்கின்றன என்று பொருள். அது பழுதாகியிருந்தால் எதில் போட்டாலும் குளிராது. பின்பக்கக் குழாயில் மஞ்சள் பொடி படிந்திருக்கும், அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கோளாறு சுடரில்தான்.

கையை எடுத்ததும் அணைவதற்குத் தெர்மோகப்பிளைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கம்பி சூடானால்தான் கேஸ் வால்வு திறந்தே நிற்கும். பற்றவைத்த பிறகு 15, 20 விநாடி குமிழைப் பிடித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஆனால் நின்று எரியும்போதும் குளிர்ச்சி போதவில்லை என்கிறீர்கள். அதனால் எனக்குச் சந்தேகம் ஜெட் மேல், அதாவது பர்னருக்குக் கேஸை விடும் சின்னத் துளையுள்ள பாகத்தின் மேல். சுடர் சோனியாக இருந்தால் கம்பியும் சூடேறாது, ஃபிரிட்ஜும் குளிராது.

சிலிண்டரை மூடிவிட்டு, பர்னர் ஆறியதும் வேனின் வெளிப்பக்கக் கீழ் மூடியைக் கழற்றுங்கள். நம் ஊர் செம்மண் புழுதி மாவு மாதிரி எல்லாவற்றிலும் படிந்திருக்கும். வண்டி சும்மா நின்றிருந்த மாதங்களில் பர்னர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், சிலந்தி வலை பின்னியிருக்கலாம். மேலே புகைக்குழாயில் முறுக்கிய தகடு ஒன்று தொங்கும். அதிலிருந்து உதிர்ந்த கரியும் பர்னர் மேல் விழுந்து கிடக்கும். தகட்டை எடுத்துவிட்டு, பர்னரைத் துணியால் மூடிக்கொண்டு, குழாயைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கரியை இறக்குங்கள்.

அப்புறம் ஜெட். பித்தளையில் குண்டுமணி அளவுதான் இருக்கும். அதன் துளை மயிரிழை போலிருக்கும். ஸ்டவ் பின்னால் குத்தவே கூடாது. துளை துளியளவு பெரிதானாலும் சுடர் மஞ்சளாகிப் புகையும், கரியும் கார்பன் மோனாக்சைடும் வரும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். திரும்ப மாட்டியதும் கேஸைத் திறந்து, எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உடனே மூடுங்கள். வண்டிக்குள் கேஸ் நெடி அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் இறங்கிவிட்டு 1906-க்குப் போன் செய்யுங்கள்.

சுடர் இப்போது நீலமாக, சீராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரெகுலேட்டரைப் பாருங்கள். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார். ஃபிரிட்ஜுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டில் 50 என்று போட்டிருந்தால் இந்த அழுத்தம் அதற்குப் போதாது. 30-க்கு உரிய ஜெட்டை வாங்கி மாற்ற வேண்டும். டீக்கடை ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டி அழுத்தத்தைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் அணைந்தால் அப்போது தெர்மோகப்பிளை மாற்றுங்கள்.

இன்னொன்று, வண்டியை நிறுத்தும் இடம். நம் ஊர்களில் மழைத் தண்ணீர் ஊரணிக்கு ஓடட்டும் என்று தெருவுக்கே வாட்டம் வைத்திருப்பார்கள். இந்த ஃபிரிட்ஜில் பம்ப் இல்லை. உள்ளே திரவம் தானாகத்தான் கீழே வழிய வேண்டும். சாய்ந்து நின்றால் அது தேங்கி, அடியில் சூடு படும் கொதிகலன் வறண்டு காயும். அப்படியே பல மணி நேரம் ஓடினால் உள்குழாய் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். கொத்தனாரின் ரசமட்டத்தை ஃபிரீசர் தரையில் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள். வண்டி ஓடும்போது அப்படி ஒரு பக்கமாகத் தேங்காது, குலுங்கிக்கொண்டே இருக்கும், பயமில்லை.

வெயிலையும் பாருங்கள். வளவு வாசலில் (வீட்டின் திறந்த நடு முற்றத்தில்) சூடு மேலேறிப் போவது மாதிரி, ஃபிரிட்ஜின் முதுகுக்கும் கீழ் மூடி வழியாகக் காற்று வந்து மேல் மூடி வழியாக வெளியேற வேண்டும். அந்தப் பக்கம் மேற்கு வெயிலில் நிற்கக் கூடாது.

பயணத்துக்கு முந்தைய இரவே கரண்டில் போட்டுவிடுங்கள்; குளிர ஆறேழு மணி நேரமாவது வேண்டும். ஓடும்போது கேஸை மூடிவிட்டுப் பேட்டரியில் வையுங்கள். அது இருக்கிற குளிர்ச்சியைக் காக்கும், புதிதாகக் குளிர்விக்காது. பிள்ளையார்பட்டியில் இறங்கித் தரிசனம் முடிக்கும் நேரத்துக்குக் கேஸ்.

ஆயாவின் இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறைந்தால் வீண். பின்சுவரில் இருக்கும் உலோகத் துடுப்புகளை ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில் ஒரு தெர்மாமீட்டரோடு வையுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு முழுப் பகல் கேஸில் ஓட்டி, அந்தத் தெர்மாமீட்டர் 8-ஐத் தாண்டாமல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தாண்டினால் இந்த முறை இன்சுலினை ஐஸ் போட்ட தெர்மோஸில், ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி எடுத்துப்போங்கள்.