புரோட்டானைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றுப் புறப்படும்போது கதவருகில் நின்று, "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். மகள் பக்கத்தில் இருந்ததால் சுருக்கமாகச் சொன்னேன். இப்போது விரிவாக எழுதுகிறேன்.

புரோட்டானை ஆராயும் துகள் இயற்பியலைப் படிக்க வேண்டும் என்ற அவளுடைய ஆசை வெறும் கனவு அல்ல. அணுக்கருவில் இருக்கும் புரோட்டானின் தற்சுழற்சி (ஸ்பின்), அதனுள் இருக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்களிடமிருந்தே வருகிறது என்றுதான் பலர் நம்பியிருந்தார்கள். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் சோதனை முடிவு 1988இல் வெளிவந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. குவார்க்குகளின் பங்கு ஏறக்குறைய 30 விழுக்காடுதான் என்பது பிற்கால அளவீடு. மிச்சம் எங்கே? அதைத் தேடி நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில், தற்சுழற்சியின் திசையை ஒழுங்குபடுத்திய புரோட்டான்களை மோதவிட்டார்கள். குவார்க்கோ, குவார்க்குகளைப் பிணைத்து வைக்கும் குளுவானோ தனியாக வெளியே வராது. தெறித்த வேகத்திலேயே துகள் கூட்டமாக மாறி ஒரே பக்கமாகப் பீய்ச்சும், அதுதான் தாரை. இரு புரோட்டான்களின் தற்சுழற்சியும் ஒத்திருக்கும்போது எத்தனை தாரைகள், எதிரெதிராக இருக்கும்போது எத்தனை என்று எண்ணினார்கள். அந்தச் சின்னஞ்சிறு வித்தியாசம்தான் குளுவான்களுக்கும் இதில் பங்குண்டு என்று காட்டிக்கொடுத்தது.

உங்கள் மகள் என் மேசையிலிருந்த காகிதத்தில் இந்தத் தற்சுழற்சிகளைக் காட்ட இரண்டு அம்புக்குறிகள் வரைந்தாள். பிறகு ஒன்றை அழித்து, திசை மாற்றிப் போட்டாள். மனப்பாடம் செய்த பிள்ளை அப்படித் தானாக அழித்துத் திருத்தாது.

இத்துறையில் அன்றாட வேலை என்ன தெரியுமா? நிரல் எழுதுவது, கோடிக்கணக்கான மோதல்களிலிருந்து வேண்டியதைப் பிரிப்பது, தன் கணக்கையே சந்தேகித்துச் சரிபார்ப்பது. இதில் கை தேர்ந்தவர்களுக்கு வங்கியிலும் மருத்துவத் தரவு ஆய்விலும் இடம் உண்டு. அதனால் பிழைப்பைப் பற்றி எனக்குப் பயமில்லை.

என் கவலை வேறு. அப்படிப்பட்ட இயந்திரம் சிங்கப்பூரில் இல்லை. முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போனால் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, தற்காலிக ஒப்பந்தங்களே அதிகம். இதை அவளிடம் மறைக்காதீர்கள். அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் பல்கலைக்கழகமே தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உபகாரச் சம்பளம் வாங்குவதாக இருந்தால் பணி ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, எந்தத் துறையில் ஆய்வு செய்ய விடுவார்கள் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ நிலைத் தேர்வுக்கு எச்2 என்ற உயர்நிலையில் இயற்பியலும் கணிதமும் எடுத்திருக்கிறாள். அடித்தளத்துக்கு அது போதும். முதல் பட்டத்தை இங்கேயே, தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங்கிலோ படிக்கட்டும். அதற்கு முன் இந்த டிசம்பர் விடுமுறையில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, செர்ன் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கும் மோதல் தரவுகளோடு நான்கு வாரம் உட்காரட்டும். இரண்டாம் வாரத்தில் சலித்தால் அதுவும் நல்ல செய்திதான், செலவில்லாமல் தெரிந்துவிட்டது.

ஜனவரியில், அந்தத் தரவுகளிலிருந்து அவள் வரைந்த முதல் வரைபடத்தோடு இருவரும் வாருங்கள். அதை அவள் உங்களுக்கு விளக்குவதை நான் கேட்க வேண்டும்.