பினாங்கு பாலேக் பூலாவ் தோட்டத்தில் டுரியான் பூ கொட்டுவது பற்றி

வணக்கம் சகோதரி. காலையில் மரத்தடி முழுக்கப் பூவாகக் கிடக்கிறது, இந்த வருஷம் காய் பிடிக்காதோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். டுரியான் பூ சாயங்காலம் விரியும். விடிவதற்குள் இதழும் மகரந்தத்தாளும் கொட்டிவிடும். அது இயல்புதான். கிளையை அண்ணாந்து பாருங்கள். நுனியில் மஞ்சள் குமிழோடு ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் அது காயாகலாம். காம்போடு முழுப்பூவும் விழுந்தால்தான் கவலை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், பூக்கும் நாளில் மாலையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், வௌவாலை விரட்டாதீர்கள். தேன் குடிக்க வருகிற அதுதான் மகரந்தம் சேர்க்கிறது. உங்கள் மரங்கள் எல்லாம் ஒரே ரகம் என்றால், பக்கத்துத் தோட்டத்தில் வேறு ரகப் பூ வாங்கி, இரவு 8 மணிவாக்கில் அதன் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் உங்கள் பூவின் குமிழில் தடவுங்கள். எங்கள் வீட்டில் அப்பா ஏணியைப் பிடிக்க, தங்கை டார்ச் அடிக்க, நான் தடவுவேன். எட்டுகிற கிளைக்கு மட்டும்தான்.

விழுந்த பூவைப் பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். அம்மா அதைக் கழுவி, மிளகாயும் இறால் விழுதும் சேர்த்து இடித்த சம்பல் பெலாச்சானில் பிரட்டுவார். சுடுசோற்றுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும்.

காய் எலுமிச்சை அளவு வந்ததும் படம் போடுங்கள். நெருக்கமாக இருந்தால் எதைக் கிள்ளிவிடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.