துப்பு எங்கே ஒளிந்திருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கணக்குத் தணிக்கைத் தொழிலிலிருந்து முழுநேர எழுத்துக்கு வந்தவர். தன் த்ரில்லர் நாவல்களைத் தானே பதிப்பித்து வெளியிடுபவர். இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்கிறார்.

கொலையாளி யார் என்பது எழுதத் தொடங்கும்போதே உங்களுக்குத் தெரியுமா? – வங்கி ஊழியர் ஒருவர்

தெரியும். தெரியாமல் முதல் வரியைத் தொடுவதில்லை. யார் என்பதோடு, அந்த ஆள் அன்றைக்கு என்னென்ன செய்தான் என்பதும் தெரிந்தாக வேண்டும். அதற்காக நாவலுக்கு முன்பே ஒரு கால அட்டவணை போடுவேன். குற்றம் நடந்த நாளில் ஒவ்வொரு பாத்திரமும் எந்த மணிக்கு எங்கே இருந்தது, யாரோடு பேசியது, கையில் என்ன வைத்திருந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். புத்தகத்துக்கு வருவது அதில் சிறு பகுதிதான். ஆனால் கொலையாளி மாலையில் சட்டை மாற்றிக்கொண்டான் என்பதும், ஏன் மாற்றினான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தால்தான், காலையில் பார்த்தவர் நீலம் என்றும் இரவில் பார்த்தவர் வெள்ளை என்றும் சொல்வதை எந்த உறுத்தலும் இல்லாமல் எழுத முடியும்.

எழுதிக்கொண்டு போகும்போது மாறுவது காரணம். பணத்துக்காகச் செய்தான் என்று நினைத்திருப்பேன். பாதி நாவல் தாண்டும்போது, அவன் பயத்தில் செய்திருக்கிறான் என்று புரியும். அப்போது அட்டவணை அப்படியே நிற்கும், வசனங்களை மட்டும் திரும்ப எழுதுவேன்.

துப்பு வாசகர் கண்ணில் படவும் வேண்டும், படாமலும் இருக்க வேண்டும் என்கிறார்கள். இது எப்படிச் சாத்தியம்? – கல்லூரி மாணவி

என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தணிக்கை செய்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மாதம் முழுக்க அன்றன்றைக்கு எழுதிய வவுச்சர்கள் ஒன்றுபோல இருக்காது. பேனா மாறும், அவசரத்தில் கையெழுத்து சாயும், ஒன்றில் அடித்தல் இருக்கும், இன்னொன்று மடிந்து கசங்கியிருக்கும். ஒரே இரவில் உட்கார்ந்து மொத்தமாகத் தயாரித்த வவுச்சர்கள் மட்டும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், பளிச்சென்று இருக்கும். அந்தச் சுத்தமே சந்தேகத்துக்குக் காரணம்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் இதைத்தான் துப்பாக வைத்திருக்கிறேன். இறந்துபோன ஒருவரின் நாட்குறிப்பு கிடைக்கிறது. அது போலி. யாரோ ஒருவர் ஒரே மூச்சில் எழுதி வைத்தது. இதை வாசகருக்கு நான் காட்டியாக வேண்டும். காட்டாமல் கடைசியில் சொன்னால் அது ஏமாற்று.

இறந்தவரின் அக்கா அந்த நாட்குறிப்பை விசாரணை அதிகாரியிடம் கொடுக்கிறார். கொடுக்கும்போது, "சின்ன வயதிலிருந்தே தம்பி இப்படித்தான் சார். புத்தகங்களுக்கு அட்டை போட்டு வைப்பான். பாருங்கள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நீல மை, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. செருப்பைக்கூட வரிசையாகத்தான் விடுவான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அதிகாரி பக்கத்தைப் புரட்டுகிறார். கடைசி வாரத்தில் ஒரு பெயர் இரண்டு முறை அடிக்கோடிடப்பட்டிருக்கிறது. அத்தியாயம் அங்கே முடிகிறது.

துப்பு மூன்று தகவல்களுக்கு நடுவில் இருக்கிறது. வாசகருக்கு ஒரு பட்டியலின் முதலும் கடைசியும் நினைவில் தங்கும், நடுவில் உள்ளது நழுவும். அதைச் சொல்பவர் அழுகிறார், ஆகவே வாசகர் சொல்லைவிட ஆளைக் கவனிக்கிறார். சொன்ன உடனே இன்னொரு பெரிய கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அக்கா பொய் சொல்லவில்லை, அதிகாரியும் எதையும் மறைக்கவில்லை. வாசகர் பின்னால் திரும்பி வந்து பார்த்தால் அந்த வரி அதே இடத்தில் இருக்கும்.

ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவற்றில் சில இன்றைக்குப் பொருந்தாது. குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும் என்ற முதல் விதியும், துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயத்தை வாசகருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற விதியும் எனக்கு இன்னமும் வேதவாக்கு.

எழுத மனம் வராத நாட்களில் என்ன செய்வீர்கள்?

அட்டவணையைச் சரிபார்ப்பேன். யார் எந்த வண்டியில் வந்தார், சாவி யாரிடம் இருந்தது என்று. அதற்கு மனநிலை தேவையில்லை. பெரும்பாலும் அதற்குள்ளிருந்தே அடுத்த காட்சி கிளம்பிவிடும்.

பிரேதப் பரிசோதனை, துப்பாக்கி, விஷம் இதையெல்லாம் எவ்வளவு தூரம் சரிபார்த்து எழுதுகிறீர்கள்? கதைதானே, கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் என்ன? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. கதை என்பதால்தான் சரியாக இருக்க வேண்டும் என்பேன். நான் ஒரு தகவலைத் தப்பாகக் கொடுத்தால், அதை வைத்து யோசிக்கும் வாசகர் தோற்றுப்போவார். அது அவர் தவறால் வந்த தோல்வி ஆகாது.

கைக்குட்டையில் குளோரோஃபார்ம் நனைத்து மூக்கில் வைத்ததும் ஆள் சாய்ந்துவிடுவது போலப் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் தொடர்ந்து சில நிமிடங்கள் சுவாசிக்க வேண்டும், அதுவரை அந்த ஆள் போராடிக்கொண்டுதான் இருப்பார். சைலன்சர் பொருத்திய துப்பாக்கி "புஸ்" என்று மட்டும் ஒலிப்பதும் அப்படித்தான். துப்பாக்கிச் சத்தம் ஏறத்தாழ 140 முதல் 170 டெசிபல் வரை இருக்கும். சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிச்சமிருப்பதே பக்கத்து அறையில் தூங்குபவரை எழுப்பப் போதும்.

இறந்த நேரத்தை மருத்துவர் நிமிடக் கணக்கில் சொல்வதும் என்னை உறுத்தும். இறந்தபின் உடல் விறைப்பது சில மணி நேரத்தில் இமைகளிலும் தாடையிலும் முதலில் தெரியும். ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவி, பிறகு மெல்ல விலகும். வெப்பம் இருந்தால் வேகமாக, குளிர் இருந்தால் மெதுவாக. இறப்பதற்கு முன் ஓடினாரா, காய்ச்சல் இருந்ததா என்பதும் கணக்கை மாற்றும். ஆகவே நேர்மையான மருத்துவர் ஒரு கால இடைவெளியைத்தான் சொல்வார். கதைக்கு அது இடைஞ்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த இடைவெளிதான் புதையல். கொலையாளி தனக்கென்று ஏற்பாடு செய்துகொள்ளும் சாட்சி அதற்குள் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதில்தான் பாதி நாவல் ஓடுகிறது.

இப்படித் துல்லியமாக எழுதுவது குற்றவாளிகளுக்குப் பாடம் எடுப்பது ஆகாதா? – இரண்டு பிள்ளைகளின் தாய்

உங்கள் கவலை நியாயமானது. செய்முறையை நான் முழுதாக எழுதுவதில்லை. எவ்வளவு, எங்கே கிடைக்கும், எப்படிக் கலப்பது என்பதெல்லாம் என் பக்கங்களில் இருக்காது. விளைவையும் அறிகுறியையும் எழுதுவேன்.

அறிகுறியைச் சரியாக எழுதுவதால் என்ன நடக்கலாம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை செய்தவர் அகதா கிறிஸ்டி. மருந்துகளையும் நஞ்சுகளையும் நேரடியாகக் கையாண்ட அனுபவம் அவருக்கு உண்டு. 1961இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் தாலியம் என்ற நஞ்சு உடலில் ஏறினால் முடி கொட்டுவது உட்பட என்னென்ன நடக்கும் என்று எழுதியிருந்தார். 1977இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஒரு குழந்தை என்ன நோய் என்றே தெரியாமல் மோசமாகிக்கொண்டிருந்தது. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர், குழந்தைக்கும் முடி கொட்டுவதைப் பார்த்து, தாலியமாக இருக்கலாமே என்று மருத்துவர்களிடம் சொன்னார். சோதித்தார்கள், அதுதான். குழந்தை பிழைத்தது. கிறிஸ்டி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அவருக்கு இது தெரியாமலே போனதே என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

கைப்பேசி வந்தபின் மர்மக் கதை எழுதுவது கஷ்டமாகிவிட்டதா?

கஷ்டம்தான். ஆபத்தில் இருப்பவர் ஒரு அழைப்பில் உதவி கேட்டுவிடலாம், இருப்பிடத்தைச் செல்பேசிக் கோபுரம் சொல்லிவிடும். உடனே எல்லோரும் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார்கள், இல்லையென்றால் சிக்னலை எடுத்துவிடுகிறார்கள். நான் அந்த வழியில் போவதில்லை. கைப்பேசி வேலை செய்யட்டும். அழைக்க முடிந்தும் அழைக்கக் கூடாத காரணம் ஒன்று அந்தப் பாத்திரத்துக்கு இருக்கட்டும். தன் மகனைக் காட்டிக்கொடுக்காமல் காவல்துறையிடம் பேச முடியாத ஒரு தாயின் கையில் முழு சார்ஜோடு கைப்பேசி இருப்பதைவிட இறுக்கமான காட்சி எனக்குத் தெரியவில்லை.

பதிப்பகங்கள் இருக்கும்போது ஏன் தனியாக வெளியிடுகிறீர்கள்? வருமானம் வருகிறதா? – எழுத விரும்பும் இளைஞர்

ஒரு பதிப்பகம், கொலையாளி கடைசி அத்தியாயத்தில் மனம் திருந்தி அழ வேண்டும் என்று கேட்டது. அந்தக் கொலையாளி அழுகிறவன் அல்ல. அழுதால் அதற்கு முந்தைய அத்தனை பக்கமும் பொய்யாகிவிடும். கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நானே வெளியிடுகிறேன்.

2007இல் அமேசானின் மின்னூல் சேவையான கிண்டில் வந்ததும் எழுத்தாளர் நேரடியாக மின்னூல் வெளியிடும் வழி பரவலாகத் திறந்தது. தேவைக்கேற்ப ஒவ்வொரு பிரதியாக அச்சிடும் முறையும் இருப்பதால் புத்தகங்களை அடுக்கிவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கிண்டிலில் மின்னூலுக்கு 35 சதவீதம், 70 சதவீதம் என இரண்டு ராயல்டி விகிதங்கள் உண்டு. பெரிய எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். விலை வரம்பு உண்டு. சில நாடுகளில் விற்கும் பிரதிகளுக்கு, மின்னூலை வேறெங்கும் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் 70 கிடைக்கும். எந்த ஒப்பந்தமானாலும் ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய உரிமைகள் யாரிடம், எவ்வளவு காலம் என்பதைப் படித்துவிட்டுத்தான் மற்ற பக்கங்களைப் படிக்க வேண்டும்.

வருமானம் வருகிறது, சீராக வருவதில்லை. புதிய நாவல் வந்தால் பழையவை விற்கின்றன. ஆகவே முதல் புத்தகத்தை வைத்து வேலையை விட்டுவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

தனியாக வெளியிடுவது எல்லாவற்றையும் தனியாகச் செய்வது ஆகாது. எடிட்டருக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் நான் கட்டாயம் பணம் ஒதுக்குகிறேன். இரண்டும் வேறு வேலைகள். மெய்ப்புத் திருத்துபவர் ஒற்றுப்பிழையைப் பிடிப்பார். "கதவு உள்ளே தாழிட்டிருந்தது என்றால் பூனை எப்படி வெளியே வந்தது?" என்று கேட்பவர் எடிட்டர். த்ரில்லர் எழுதுபவருக்கு இரண்டாமவர் இல்லாமல் முடியவே முடியாது. அட்டைப்படத்தை எப்போதும் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். திரையில் வாசகர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான். தலைப்பு அதில் படிக்க முடியவில்லை என்றால் ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் திடுக்கிடலோடு முடிக்க வேண்டுமா?

வேண்டாம். வாசகருக்குச் சலித்துவிடும். ஒரு பாத்திரம் ஒரு முடிவை எடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள், அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

உங்கள் கதைகளில் சாகிறவர்களைப் பற்றி வருத்தப்படுவீர்களா? – செவிலியர் ஒருவர்

வருத்தப்படுகிறேன். இந்த வகை எழுத்தில் இறந்தவரைப் பெரும்பாலும் ஒரு புதிராக மட்டுமே வைத்துவிடுகிறார்கள். கண்டெடுக்கப்படுகிறார், சுண்ணக்கட்டியில் கோடு வரைகிறார்கள், அதோடு சரி. எனக்கு அது பொறுக்காது. கொலைக்காட்சி எழுதுவதற்கு முன் இறக்கப்போகிறவரின் கடைசி நாளை, காலையிலிருந்து, அவர் கண்ணால் எழுதுவேன். யாருக்குப் பதில் எழுத நினைத்திருந்தார், எந்த வலியை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தார் என்பதெல்லாம் வரும். அது நாவலில் சேராது. ஆனால் பின்னால் அவருடைய அக்கா பேசும்போது, அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

முதல் த்ரில்லர் நாவலை எழுதி முடித்துவிட்டேன். அடுத்து என்ன செய்யட்டும்? – பொறியாளர் ஒருவர்

வாழ்த்துகள். முடிப்பதே பெரிய காரியம். யாருக்கும் அனுப்பாமல் சில வாரங்கள் எடுத்து வையுங்கள். பிறகு தாளில் அச்சிட்டு, கடைசி அத்தியாயத்திலிருந்து முதல் அத்தியாயத்தை நோக்கிப் படியுங்கள். முடிவில் வெளிப்படும் ஒவ்வொரு உண்மைக்கும் முன்னால் எந்தப் பக்கத்தில் துப்பு வைத்திருக்கிறீர்கள் என்று ஓரத்தில் பக்க எண்ணை எழுதுங்கள். எண் எழுத முடியாத இடங்களில் காட்சி சேர்க்க வேண்டும். அதன்பின் த்ரில்லர் விரும்பிப் படிக்கும், உங்கள் உறவினர் அல்லாத இருவரிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் குற்றவாளியைச் சந்தேகித்தார்கள் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்.