வேட்டியில் வந்த அப்பாவுக்கு வாட்ச் காட்டவில்லை

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் திண்டுக்கல், வேலை சென்னையில். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணத்தில் அம்மா வீட்டில் போட்ட ஹெச்.எம்.டி. வாட்ச்சைத்தான் இன்னும் கட்டுகிறார். அவருக்கு ஒரு சுவிஸ் வாட்ச் வாங்க மூன்று வருஷமாக 1,60,000 ரூபாய் சேர்த்தேன். போன மாதம் ஒரு மாலில் இருக்கிற பெரிய ஷோரூமுக்கு அழைத்துப் போனேன். அப்பா வழக்கம்போல வேட்டி, சட்டை, ரப்பர் செருப்பு. ஒரு மாடலைக் காட்டச் சொன்னதும் சேல்ஸ் பையன் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது ஒண்ணரை லட்சம் மேடம். உங்க பட்ஜெட்டுக்கு கிரவுண்ட் ஃப்ளோர்ல வேற கடை இருக்கு" என்றார். கண்ணாடியைத் திறக்கவே இல்லை. அடுத்து ஒரு ஜோடி வந்தது. அவர்களிடம் காபி வேண்டுமா என்று கேட்டபடி போய்விட்டார். அப்பா, "வா பாப்பா போலாம். பாவம், அந்தப் பையன் காலையிலேர்ந்து நிக்கிறான் போல" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவை பேன்ட் போட்டு வரச் சொல்லியிருக்கலாமோ என்றும் தோன்றியது. இப்போது அதே கடைக்குப் போய், அதே பையனிடம் 3,20,000 ரூபாய் வாட்ச்சை எடுக்கச் சொல்லி வாங்கப் போகிறேன். மீதியை கார்டில் இ.எம்.ஐ. போடலாம். தோழிகளும் 'விடாதே, செய்' என்கிறார்கள். எனக்கும் தூக்கமே வரவில்லை. நான் செய்வது சரிதானே?
– பெயர் வேண்டாம்

பதில்:

சரியில்லைம்மா. வாட்ச் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கடையில், அந்தப் பையனிடம், அந்த 3,20,000 வாட்ச்சை மட்டும் வாங்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1,60,000 ரூபாயை 15 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் ஏறக்குறைய 7,760 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 26,000-க்கு மேல் போகும். அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. தனி. நீங்கள் மூன்று வருஷம் சேர்த்த 1,60,000 அப்பாவுக்காக. மேலே கடன் வாங்கிப் போடப் போகும் 1,60,000 யாருக்காக? அந்தப் பையனுக்காக. இந்த மாதிரி ஷோரூம்களில் பெரும்பாலும் மாத டார்கெட், இன்சென்டிவ் எல்லாம் உண்டு. முகத்தில் அறைவதாக நினைத்துக்கொண்டு நீங்கள் போடும் பில்லில் அவருடைய டார்கெட் நிறையும். அன்று சாயங்காலம் மேனேஜர் அவர் முதுகில் தட்டிக்கொடுப்பார். "போன மாசம் ஒரு வேட்டி பார்ட்டி வந்துச்சே, அது பொண்ணு" என்று சிரித்துக்கொள்ளவும் செய்வார்கள்.

உங்களுக்கு வந்திருக்கிற இந்த வேகம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. மோர்கன் வார்டு, டேரன் டால் என்று இரண்டு பேராசிரியர்கள் இதையே ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆடம்பர பிராண்டு கடைகளில் விற்பனையாளர் மட்டமாக நடத்தினால் வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதானே நினைப்போம்? அந்த பிராண்டு மேல் ஏற்கனவே ஆசை வைத்திருந்தவர்களுக்கு ஆசை இன்னும் கூடியது, கூடுதல் விலை கொடுக்கவும் தயாரானார்கள். சாதாரண பிராண்டுகளில் இது நடக்கவில்லை. 'நான் உள்ளே வரத் தகுதியானவள்தான்' என்று காட்டிக்கொள்ளும் தவிப்பு உயர்ந்த கடை வாசலில்தான் வரும் போல. ஆனால் நாள் போகப் போக அந்த வேகம் வடிந்து, மட்டமாக நடத்தப்பட்டவர்களுக்கு அந்த பிராண்டு மேலிருந்த பிடிப்பும் குறைந்துவிட்டது. உங்கள் விஷயத்தில் ஆசை வடிந்த பிறகும் இ.எம்.ஐ. இரண்டு வருஷம் ஓடும்.

உங்கள் தோழிகள் ஏற்றிவிடுவது ஏன் என்று தெரியும். இந்த மாதிரிக் கதைகள் நமக்கு ரொம்பப் பிடிக்கும். ஆல்வார் மகாராஜாவை லண்டன் கார் ஷோரூமில் அவமதித்தார்களாம், அவர் ரோல்ஸ் ராய்ஸ் கார்களை மொத்தமாக வாங்கிவந்து குப்பை அள்ள விட்டாராம். வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவை எனக்கே வருகிறது. நல்ல கதை. நடந்தது என்பதற்கு ஆதாரம்தான் கிடையாது. ஒருவேளை நடந்திருந்தாலும், கம்பெனிக்கு என்ன நஷ்டம்? அத்தனை காரும் விற்றுப்போயிற்றே!

நிஜமாக நடந்த ஒன்றும் உண்டு. 2022 ஜனவரியில் கர்நாடகாவின் துமகூருவில் ஒரு விவசாயி பிக்கப் வண்டி வாங்க மஹிந்திரா ஷோரூமுக்குப் போனார். பத்து ரூபாய்கூட இருக்காது என்கிற மாதிரி விற்பனையாளர் பேசிவிட்டார் என்று செய்தி வந்தது. அவர் ஒரு மணி நேரத்துக்குள் 10 லட்ச ரூபாயைத் திரட்டி மேஜையில் வைத்து, 'இன்றே வண்டி கொடு' என்றார். அவர்களால் கொடுக்க முடியவில்லை. விஷயம் போலீஸ் வரை போனது, ஆனந்த் மஹிந்திராவே பதில் சொல்ல வேண்டி வந்தது. படிக்கும்போது நானும் கைதட்டியவள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தேவைப்பட்ட வண்டியைத்தான் கேட்டார். கோபத்தில் அதைவிடப் பெரிய லாரி ஒன்றை புக் பண்ணவில்லை.

இன்னொன்றும் சொல்லவா? இந்தக் கதைகளிலெல்லாம் கடைசியில் பணக்கட்டு வெளியே வருகிறது. வராவிட்டால்? நான் சொல்லப்போகும் கதையில் வராது.

இந்தப் பத்தி எழுத வருவதற்கு ரொம்ப முன்னால், எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் ஒன்றே முக்கால் வருஷம் நின்றிருக்கிறேன். சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த பாடம்: "காலைப் பாரு, கழுத்தைப் பாரு, அப்புறம் ரேக்குல கையை வை." செருப்பும் சங்கிலியும் பார்த்து எந்த ரேக் என்று முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் பட்டுப் புடவையைப் பிரிப்பது நொடி வேலை, மடிப்பதுதான் கஷ்டம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஜரிகை மடங்காமல், பழைய தடத்திலேயே மடித்து வைக்க வேண்டும். தப்பாக மடித்தால் திட்டு விழும். முகூர்த்த மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மடித்துக்கொண்டு நிற்போம். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருக்கும்.

ஒருநாள் ஒரு பாட்டி வந்தார், கூடப் பத்து வயசுப் பேத்தி. மேல் ரேக்கில் இருந்த பச்சை பார்டர் போட்ட அரக்குப் புடவையைக் கை காட்டினார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது விலை ஜாஸ்திம்மா" என்று கீழே இருந்த இரண்டு கலப்புப் பட்டை எடுத்துப் போட்டேன். பாட்டி, "பாத்துட்டு வெச்சுடறேன் தாயி" என்றார். நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்புறம் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அவ்வளவுதான் கதை. அந்தப் பாட்டி பெரிய பண்ணையார் வீட்டு அம்மா என்று பிறகு தெரியவரவில்லை. மறுநாள் நோட்டுக் கட்டோடு திரும்பி வரவும் இல்லை. அவரிடம் காசு இல்லாமலேகூட இருந்திருக்கலாம். அந்தப் புடவையைப் பிரித்து மடித்திருந்தால் எனக்கு ஐந்து நிமிஷம் போயிருக்கும். அவர் திரும்பிவந்து நாலு புடவை வாங்கியிருந்தால், 'ஆள் தெரியாமல் ஏமாந்துவிட்டேன்' என்றுதான் நினைத்திருப்பேன். இன்றைக்கு நினைக்கிற மாதிரி நினைத்திருக்க மாட்டேன்.

உங்கள் அப்பா சொன்னது உங்களுக்குக் கோபத்தைக் கூட்டியிருக்கிறது. 'இப்படிக் கேவலப்படுத்தியவனுக்குப் போய்ப் பரிதாபப்படுகிறாரே' என்று. நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஓடும் பஸ்ஸில் நின்றே டிக்கெட் கொடுத்து, ஸ்டேஜ் முடிவதற்குள் டிரிப் ஷீட் எழுதி, சில்லறைக்காக ஊர்க்காரர்களிடம் பேச்சு வாங்கி ரிட்டயர் ஆன மனிதர் அவர். நிற்கிற காலின் வலி அவருக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல்தான் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தமே வந்தது. கேரளா 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் எத்தனை ஷோரூமில் ஆள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்? அந்தப் பையன் செய்தது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. நாள் முழுக்க நின்று, தன் ஒரு வருஷச் சம்பளத்தைக் கையுறை போட்டு எடுத்துக் காட்டும் வேலை ஒரு மாதிரித் திமிரைக் கொண்டுவந்துவிடுகிறது. அலமாரிக்குள் இருப்பதன் விலையைத் தன் விலை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி. 'பேன்ட் போட்டு வரச் சொல்லியிருக்கலாமோ' என்கிறீர்களே, அதுதான். திட்டவில்லை, எனக்கும் அந்த இடத்தில் தோன்றியிருக்கும். ஆனால் இப்போது உங்களைத் தூங்கவிடாமல் செய்வதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பையன் அப்பாவைப் பார்த்த பார்வையில் ஒரு நிமிஷம் நீங்களும் அப்பாவைப் பார்த்துவிட்டீர்கள். அந்தக் கூச்சத்துக்கு மூன்று லட்சம் கொடுத்து ஈடுகட்டப் பார்க்கிறீர்கள். வேண்டாம், ஒரு நிமிஷம்தானே.

வேட்டிக்கு வாசலை அடைப்பது இந்த ஊரில் புதிதும் இல்லை. 2014-ல் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. சட்டசபை வரை கொதித்து, அதே ஆண்டில் தனிச் சட்டம் போட்டார்கள். கிளப், சங்கம் மாதிரியான இடங்களில் வேட்டிக்காகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். 2024-ல் பெங்களூருவில் வேட்டி கட்டிய ஒரு விவசாயியை உள்ளே விடாத ஷாப்பிங் மால் ஒன்றை ஏழு நாள் மூடச் சொன்னது கர்நாடக அரசு. நம் அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் கடையைத்தான் முதலில் எழுதியிருக்கிறது. கடைக்குள் நுழைவதே சண்டை போட்டு வாங்கிய உரிமையாக இருந்த நாடு இது.

உங்கள் விஷயத்தில் கேஸ் போட முடியுமா என்றால், கஷ்டம். கண்ணாடியைத் திறக்கவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை வைத்து மட்டும் நுகர்வோர் ஆணையத்தில் ஜெயிப்பது லேசல்ல. பில் தர மறுத்தால், இதை வாங்கினால்தான் அது என்று கட்டாயப்படுத்தினால், பழுதான பொருளைத் திரும்ப வாங்காவிட்டால் அது வேறு. அதற்கெல்லாம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஆனால் புகார் கட்டாயம் எழுதுங்கள். கடைக்கு மட்டும் எழுதினால் குப்பைக்குப் போகலாம். இந்த மாதிரி ஷோரூம்கள் பலவும் வாட்ச் கம்பெனியிடம் டீலர்ஷிப் எடுத்து நடத்துபவை. கம்பெனியின் இந்திய அலுவலகத்துக்கு ஈமெயில் போடுங்கள், கடைக்கு ஒரு நகல். தேதி, நேரம், கேட்ட மாடல், அவர் சொன்ன வார்த்தை, இவ்வளவு போதும். கேமரா இருக்கும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பையனை வேலையை விட்டு எடுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் அப்பாவே அதை விரும்ப மாட்டார். மேனேஜர் உங்கள் அப்பாவுக்கு போன் செய்து பேச வேண்டும் என்று கேளுங்கள்.

வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். வேறு டீலரிடம் போன் செய்து, இந்த மாடலைப் பார்க்க அப்பாவோடு வருகிறேன், எடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். வார நாளில் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. கையில் கட்டிப் பார்க்காமல் பில் போடாதீர்கள். வாரண்டி கார்டில் கடை முத்திரையும், வாட்ச்சில் இருக்கிற அதே சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை வரும் சர்வீஸ் செலவையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், சுவிஸ் வாட்ச்சுக்கு அது சின்னத் தொகை இல்லை.

அதற்கெல்லாம் முன்னால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஹெச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை இழுத்து மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. இனி உடைந்தால் அதே வாட்ச் புதிதாகக் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். தினமும் காலையில் சாவி கொடுத்துப் பழகிய கைக்குத் தானாக ஓடும் ஆட்டோமேட்டிக் பிடிக்குமோ பிடிக்காதோ. சுவிஸ் கம்பெனிகளிலும் சாவி கொடுக்கிற மாடல்கள் இன்னும் வருகின்றன, உங்கள் 1,60,000-க்குள்ளேயே கிடைக்கும். இரண்டையும் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

போகும்போது பழைய வாட்ச்சும் அவர் கையிலேயே இருக்கட்டும். ஸ்ட்ராப்பில் எந்த ஓட்டை தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் புதிதுக்கு அளவு சொல்லிவிடலாம்.