ஐப்பசி மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு நன்றி சொல்லிப் பழக என்ன செய்யலாம்?

நீங்கள் புதுச்சேரியில் நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். வெளிநாட்டு ‘தேங்க்ஸ்கிவிங்’ பண்டிகைக்குச் செய்கிற, காகித இலை ஒட்டும் ‘நன்றி மரம்’, பூசணிக்காய் அலங்காரம் எல்லாம் பார்த்துவிட்டு, நம் ஊருக்குப் பொருந்துவதாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர். என் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே வயதுப் பிள்ளைகள்தான்.

அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை, கனடாவில் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை என்று, அறுவடை முடிந்த கையோடு வரும் பண்டிகை அது. நமக்கு அந்த மாதங்களில் நட்ட பயிர் வயலில் நிற்கும், மேலே வடகிழக்குப் பருவமழை கொட்டும். அறுவடைக்கு நன்றி சொல்லத் தையில் பொங்கல் வருகிறது. இந்த மழை மாதங்களில் நமக்காக வேலை செய்கிறவர்களை நினைப்பதுதான் பொருத்தம். சின்னப் பிள்ளைகளுக்கு, யாருக்கு நன்றி சொல்கிறோமோ அவர்கள் முகம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மனதில் ஒட்டாது. ராத்திரி படுக்கும்போது “இன்னைக்கு எதுக்கெல்லாம் நன்றி?” என்று கேட்டுப் பாருங்கள்; அம்மா, அப்பா, பொம்மை என்று தினமும் அதையே ஒப்பிப்பார்கள்.

ஆயுத பூஜையிலிருந்து தொடங்கலாம். கத்தி, சுத்தியல் பெரியவர்களுக்கு. பிள்ளைகள் தங்கள் சைக்கிளையும் புத்தகப் பையையும் தாங்களே துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கட்டும். மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, “இது இல்லன்னா நாம என்ன பண்ணுவோம்?” என்று கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளையும் யோசித்துப் பதில் சொல்லும். அப்புறம் பொரி, கடலை, சுண்டலைப் பொட்டலம் கட்டி, பள்ளிக்கு அழைத்துப் போகும் ஆட்டோ மாமாவுக்கும் தெரு கூட்டும் அக்காவுக்கும் பிள்ளை கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். “தேங்க்ஸ் சொல்லு, சொல்லு” என்று நச்சரிக்க வேண்டாம். கூச்சத்தில் ஓடி வந்து உங்கள் பின்னால் ஒளிந்துகொண்டாலும் பரவாயில்லை, கொடுத்தார்களே, அது போதும்.

ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும். இங்கே நாங்கள் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போவோம். லிங்கம் முழுக்கச் சோறு சாற்றியிருப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள். அந்த வாரத்திலேயே கொஞ்சம் ஊருக்கு வெளியே கூட்டிப்போய், முழங்கால் சேற்றில் நின்று வேலை பார்க்கிறவர்களைக் காட்டுங்கள். தட்டில் சோறு மிச்சம் வைக்காதே என்று தினம் சொல்வதைவிட இது மனதில் நிற்கும். கோயிலுக்குப் போகாத குடும்பம் என்றால் வயல் மட்டும் போதும்.

மழை வலுத்துத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அதைப் பற்றியும் பேசுங்கள். மீன்கார ஆயா ஏன் இன்றைக்கு வரவில்லை, படகெல்லாம் ஏன் கரையில் நிற்கிறது என்று கேட்பார்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்தடுத்த நாட்களில் தண்ணீரில் நின்று கம்பி இழுத்த மின்துறை ஊழியர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். இனி அப்படி ஒரு நாள் வந்தால், மின்சாரம் திரும்பியதும் ஆறு வயதுப் பிள்ளையை அவர்களை ஒரு படம் வரையச் சொல்லுங்கள். தெருவில் இன்னும் வேலை நடந்தால் சூடாக டீயோடு அந்தப் படத்தையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

கார்த்திகைக்கு அகல் வாங்க உங்களுக்கு வில்லியனூர் பக்கம்தானே! அங்கத்திய சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மழை விட்ட ஒரு காலையில் பிள்ளைகளோடு போய்ச் சக்கரம் சுற்றுவதைப் பாருங்கள். ஈர நாட்களில் அகலை எப்படிக் காயவைக்கிறார்கள் என்று பிள்ளைகளே கேட்கட்டும், காசையும் அவர்களே கொடுக்கட்டும். பேரம் மட்டும் வேண்டாம்.