பேனாக் கட்டையின் முனையும் அந்த மெல்லிய இடைவெளியும்: கேள்வி பதில்

சத்துவாச்சாரியில் சின்ன லேத் வைத்து மரப்பேனா கடைகிறேன். கட்டையில் துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டி, இரு முனையிலும் உலோக வளையம் போன்ற பாகங்களைப் பொருத்துவது வழக்கம். இங்கே முனை என்பது எழுதும் முனை அல்ல, கட்டையின் அந்த நுனி. அதன் மட்டம் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

ஆற்காடு: அண்ணா, வளையத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிகிறது. கடைவதில் தப்பா?

ஒரு பக்கம் மட்டும் என்று கவனித்தீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. முனை சாய்ந்திருக்கிறது. முனை செங்குத்தாக இருக்க வேண்டியது உள்ளே ஒட்டிய பித்தளைக் குழாய்க்கு, கட்டையின் வெளிப்பக்கத்துக்கு அல்ல. துளை கொஞ்சம் கோணலாகப் போயிருந்தால், மூலைமட்டம் வைத்து எவ்வளவு நேராக அறுத்தாலும் முனை குழாய்க்குச் சாய்வாகத்தான் நிற்கும். 12 மி.மீ. விட்டத்தில் ஒரு டிகிரி சாய்ந்தால் 0.2 மி.மீ. திறக்கும். அது இரண்டு தாள் கனம். கண்ணுக்கு உடனே தெரியும்.

முனையை மட்டமாக வெட்டும் பேரல் டிரிம்மர் இருப்பதே இதற்காகத்தான். அதன் நடுத்தண்டு குழாய்க்குள் நுழைந்து, வெட்டும் பற்களைக் குழாய்க்கு நேராக நிறுத்தும். உள்ளே பசை காய்ந்திருந்தால் தண்டு சாயும், வேலை கெடும். ஒட்டுவதற்கு முன் குழாயின் வாயை உருளைக்கிழங்கு வில்லையில் அழுத்துங்கள், அடைப்பு தயார். பசை காய்ந்ததும் குத்தி வெளியே தள்ளிவிட்டு, வட்ட அரத்தால் உள்ளே ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். அப்புறம் கட்டையை வைஸில் (மேசைப் பிடிகருவியில்) பிடித்து, மெதுவான வேகத்தில் வெட்டுங்கள். கையில் பிடிக்கவே கூடாது, பல் மாட்டினால் கட்டை விரலோடு சுழலும்.

பித்தளை விளிம்பு முழு வட்டமாக மின்னியதும் நிறுத்துங்கள். ஸ்லிம்லைன் என்ற மெல்லிய பேனா வகையில் குழாயின் நீளம் சுமார் 53 மி.மீ. கீழ்ப்பாதியில் அதைக் குறைத்தால் ரீஃபில் முனை உள்ளே போகாமல் நீட்டிக்கொண்டே இருக்கும்.

ராணிப்பேட்டை: என் டிரிம்மர் தண்டு 7 மி.மீ. குழாய்க்கானது, பேனாவின் குழாய் 10 மி.மீ. சரிப்படுமா?

படாது. தண்டு உள்ளே ஆடும், ஆடினால் முனை சாயும். குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் உறை வாங்கித் தண்டின் மேல் போடுங்கள். கிடைக்காவிட்டால் வீண் மரத்தில் 7 மி.மீ. குழாயை ஒட்டி, வெளிப்பக்கத்தை 10 மி.மீ. குழாய்க்குள் நுழையும் அளவுக்குக் கடைந்துகொள்ளுங்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அக்ரிலிக் கட்டையின் விளிம்பு சில்லுசில்லாகப் பெயர்ந்துபோகிறது சார்.

பல் மழுங்கியிருக்கும் தம்பி. பல்லின் தட்டையான முகத்தை வைர அரத்தில் தேயுங்கள். அக்ரிலிக்குக்கு நான் டிரிம்மரைத் தொடுவதில்லை. லேத்தின் தலைப்பக்கம் உப்புத்தாள் ஒட்டிய தட்டு, வால்பக்கச் சக்கில் (பிடிப்பானில்) குழாய்க்குப் பொருந்தும் தண்டு, அதில் கட்டை. மெல்லத் தள்ளித் தேய்த்தால் போதும். சூடேற விடாதீர்கள், பசை இளகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பித்தளை மின்னியதும் நிறுத்துங்கள்.

திருப்பத்தூர்: ஜவ்வாது மலைச் சந்தனத்தில் பேனா செய்யலாமா?

வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். ரசீது இல்லாத சந்தனத்தையும் செம்மரத்தையும் நான் கையால் தொடமாட்டேன்.

ஆம்பூர்: ஒரு பக்கம் மட்டும் இடைவெளி வருகிறது...

ஆற்காட்டுக்கு எழுதியதைப் படியுங்கள்.

குடியாத்தம்: எல்லாவற்றுக்கும் முனை என்கிறீர்கள். என் பேனா தை மாதம் கச்சிதமாக இருந்தது, சித்திரையில் திறந்துவிட்டது. வேலூர் வெயில்தான் காரணம்.

இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டுவிட்டேன். மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலே பொதுவாக 0.1 முதல் 0.2 சதவீதம்தான். 53 மி.மீ. துண்டில் அது 0.1 மி.மீ. அளவு. ஏற்கெனவே காய்ந்த கட்டையில் அதுவும் வராது. வெயில் காட்டும் வேலை குறுக்குவாட்டில்தான்: மரம் வளையத்தைவிடத் தாழ்ந்து விரலுக்குப் படி தட்டும், இல்லையென்றால் நீளமாக வெடிக்கும்.

குடியாத்தம், மறுபடி: என் கட்டை புளிய மரம். ரேகை, அதாவது மரத்தின் நார், பேனாவுக்குக் குறுக்கே ஓடும்படி அறுத்தது.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! அப்படியானால் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ரேகைக்குக் குறுக்கே பச்சை மரம் பல சதவீதம் சுருங்கும். உங்கள் கட்டையில் அந்தச் சுருக்கம் பேனாவின் நீளத்தில் விழுகிறது. ஒரு சதவீதம் என்றாலே அரை மி.மீ. அழகுக்காக ரேகையைத் திருப்பி அறுப்பவர்கள், துளை போடுவதற்கு முன் கட்டையைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை பொறுங்கள். சித்திரையில் காய்ந்து நின்ற கட்டை அப்புறம் அவ்வளவாகச் சுருங்காது. நேர்ரேகைக் கட்டைக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை.

சோளிங்கர்: அப்படியென்றால் எனக்கும் வெயில்தானே அண்ணா? என்னுடையது நேர்ரேகைத் தேக்கு.

இல்லை. முனையைப் பாருங்கள்.

வாணியம்பாடி: பொருத்தி முடித்த பேனாவில் இடைவெளி. பசையும் மரத்தூளும் அடைக்கலாமா?

அடைத்தால் கோடு தெரியும். பாகங்களைத் தட்டிக் கழற்றுங்கள். சாய்வு பித்தளை மட்டத்துக்குக் கீழே போயிருந்தால் அந்தக் கட்டையை விட்டுவிட்டு, புதுக் குழாயில் இன்னொன்று ஒட்டுங்கள். மரம் பித்தளையைவிட உயர்ந்திருந்தால் டிரிம்மரில் இரண்டு சுற்று போதும். பித்தளை மின்னியதும் நிறுத்துங்கள்.