வாசகர் கேள்வி - பதில்: இரண்டாவது பட்டமாகக் கிரேக்க, உரோம நாகரிகம்

கேள்வி: இலங்கையில் உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் படித்தேன். பிறகு கணக்கியலில் பட்டம் பெற்று இப்போது இலண்டனில் வேலை பார்க்கிறேன். பழைய பாடத்தையே இன்னொரு பட்டமாகப் படிக்க ஆசை. வேலையை விடாமல் முடியுமா? (ஹாரோ வாசகி)

பதில்: முடியும். தொலைநிலையில் கற்பிக்கும் ஓப்பன் யூனிவர்சிட்டியில் கிளாசிக்கல் ஸ்டடீஸ் (கிரேக்க, உரோமக் கல்வி) இளங்கலைப் பட்டத்துக்கு மொத்தம் 360 கிரெடிட். வேலையோடு படிப்பவர்கள் வழக்கமாக ஆண்டுக்கு 60 எடுப்பார்கள்; அப்படியானால் ஆறு ஆண்டு. வாரத்துக்கு 16 முதல் 18 மணி நேரம் ஒதுக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் படித்துச் சமாளிக்கலாம் என்று இறங்குபவர்கள் முதல் கட்டுரைக் கெடு வரும்போதே திணறிப்போகிறார்கள்.

பணம்தான் பெரிய தடை. இங்கிலாந்தில் ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் உள்ளவருக்கு, இன்னொரு இளங்கலைக்குக் கல்விக் கடன் பொதுவாகக் கிடைப்பதில்லை. சில அறிவியல், மருத்துவத் துறைகளுக்கு விலக்கு உண்டு. இந்தப் பாடத்துக்கு இல்லை. விதிகள் மாறிவருவதால் நீங்கள் சேரும் ஆண்டின் விதியைப் பாருங்கள். உங்களிடம் முதுகலைப் பட்டம் இல்லையென்றால், 180 கிரெடிட் கொண்ட எம்.ஏ.வையும் யோசிக்கலாம். அதற்குத் தனிக் கடன் இருக்கிறது, காலமும் குறைவு. ஆனால் கிரேக்கத்தையோ இலத்தீனையோ அடியிலிருந்து கற்க அதில் நேரம் போதாது. எனவே மூல நூல்களைப் படிக்க வேண்டுமா, மொழிபெயர்ப்பு போதுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். பட்டத்தை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: இலத்தீன் தமிழருக்குக் கடினமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: ஒரு பாதி எளிது. 'புவெர் கானெம் மோர்தெத்' என்றால் பையன் நாயைக் கடிக்கிறான். 'கானெம் புவெர் மோர்தெத்' என்று மாற்றினாலும் கடிப்பவன் பையன்தான். 'எம்' என்ற ஈறு நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கம்.

சறுக்குவது பெயரடையில். தமிழில் 'பெரிய' எங்கும் மாறாது. இலத்தீனில் அதே வாக்கியத்தில் 'மாக்னுஸ்' (பெரிய) என்று சேர்த்தால் பெரியவன் பையன். 'மாக்னும்' என்றால் பெரியது நாய், சொல் எங்கே நின்றாலும் சரி. பாலும் பொருளைப் பார்த்து வருவதில்லை: மேசை பெண்பால். ஆகவே பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் பாலையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள். 'ரெக்ஸ்' (அரசன்) என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் 'ரேகெம்' (அரசனை) கண்ணில் படும்போது விழிப்பீர்கள். 'ரேகிஸ்' (அரசனுடைய) தெரிந்தால்தான் அடிச்சொல் பிடிபடும்.

ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று வரும் லோப் வரிசை (கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, இலத்தீனுக்குச் சிவப்பு) சரிபார்க்க அருமையானது. கற்கும்போது ஆங்கிலப் பக்கத்தை மூடி வையுங்கள். சொல்லைச் சொடுக்கினால் இலக்கணம் காட்டும் பெர்சியஸ் இணைய நூலகத்துக்கும் இதே எச்சரிக்கை: எந்த வேற்றுமை என்று நீங்களே முடிவுகட்டிய பிறகு சொடுக்குங்கள்.

கேள்வி: உரோமாபுரிக்கும் முசிறிக்கும் நடந்த வணிகம் பற்றி ஆய்வேடு எழுத இலத்தீன் போதுமா? (மதுரை வாசகர்)

பதில்: போதாது. உரோமப் பேரரசின் கிழக்குப் பாதியில் எழுத்துமொழி பெரும்பாலும் கிரேக்கம். கி.பி. முதல் நூற்றாண்டின் கடல்வணிகக் கையேடான 'பெரிப்ளூஸ்' கிரேக்கம். வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸும் (நாணல் தாளில் எழுதிய ஆவணம்) கிரேக்கம். ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் 'ஹெர்மாபொல்லோன்' கப்பலின் சரக்கு மதிப்பீடு. உரோம எழுத்தாளர் பிளினியைப் படிக்க இலத்தீன் உதவும். நீங்கள் கிரேக்கத்தில் தொடங்குங்கள்.